ஊறலைக் காயப்போட்டவள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் ஊரே வானத்தைப் பார்த்துக் கும்பிடும். மதினி மட்டும் வானத்தைப் பார்த்து ஏசுவாள். வாய்க்குள் முணுமுணுப்பதெல்லாம் கிடையாது. முற்றத்தில் இறங்கி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியோடு மல்லுக்கு நிற்கிற தோரணையில் அண்ணாந்து நிற்பாள்.

“ஒனக்கு வேற ஊரே கெடைக்கலையா? சங்கரன்கோயில் பக்கம் சொட்டுத் தண்ணி இல்லாமக் கெடக்காம். அங்கன போயேன். எந்நேரமும் இங்கனயே நின்னு நசநசன்னு அழுதுக்கிட்டு...”

சாரல் அவள் முகத்திலும் கொஞ்சம் தெளித்துவிட்டு அதன்பாட்டுக்குப் பெய்யும். மதினி உள்ளே வந்து முகத்தைத் துடைப்பாள். துடைத்த துண்டை உடனே கொண்டுபோய் நெருப்புக்கு மேல் காயப்போடுவாள். ஈரத் துண்டு ஒன்று வீட்டில் சும்மா கிடப்பதை அவளால் சகிக்க முடியாது.

என் கணவருக்கு அவள் பெரியப்பா மகள். அவருக்கு அக்கா, எனக்கு மதினி. போலீஸில் இருந்த அவள் கணவர் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். பிள்ளைகள் இல்லை. அவர் விட்டுப்போனது குற்றாலத்தில் ஒரு நீளமான ஓட்டு வீடு, மலையடியில் ஒரு பாக்குத் தோப்பு, மலைக்கு மேலே ஒரு துண்டு நிலம். வீட்டின் முன்பகுதியைச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவாள். என் கணவருக்குத் தென்காசியில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்து, எங்களுக்குக் கல்யாணமும் ஆனபோது, பின்பகுதியை எங்களுக்குக் கொடுத்தாள். எழுபதுகள் முடியப்போகிற சமயம் அது.

நான் வீரகேரளம்புதூர்ப் பக்கத்துக்காரி. குற்றாலத்து மலையில் பெய்கிற தண்ணீர் சிற்றாற்றில் விழுந்து, வழியில் உள்ளவர்கள் எல்லாரும் எடுத்தது போக மிச்சம்தான் எங்கள் வயலுக்கு வந்து சேரும். எங்கள் ஊரில் மழை வந்தால் நாற்காலி எடுத்துப்போட்டு உட்காரச் சொல்லுவோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தவளுக்கு, சாரலைத் தெருவில் நிறுத்தி வைத்து ஏசுகிற ஒரு பெண்பிள்ளையைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. மகாலட்சுமியை வாசலில் வைத்துத் திட்டுகிறாளே என்று முதல் வாரம் முழுக்க எனக்கு அவள்மேல் கோபம்.

இரண்டாவது வாரம் என் பட்டுச்சேலையில் பூஞ்சை பிடித்தது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வீட்டில் அடுக்களையை ஒட்டி ஓர் இருட்டு அறை உண்டு. நடுவில் ஒரு பெரிய மண்சட்டியில் நெருப்புக் கங்கு, அதன்மேல் கவிழ்த்த மூங்கில் கூடை, கூடைமேல் துணி. ஆனியில் மூட்டுகிற நெருப்பு ஆவணி முடிகிறவரைக்கும் அணையாது. துணியைத் திருப்பிப் போடுவது, எடுத்து உதறுவது, அடுத்ததைப் போடுவது என்று மதினி அங்கேயேதான் கிடப்பாள். என் கணவரின் சட்டைகளில் புகைவாடை ஏறிப்போய், “என்ன சார், வீட்ல ஒங்களையும் சேர்த்துக் கருவாடு போடுதாங்களா?” என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். அவர் வந்து சொன்னார். மதினி சிரிக்கவில்லை. “கருவாடாவது கெட்டுப்போகாம இருக்கும்லா தம்பி” என்றாள்.

உப்புப் பரணி அடுப்புச் சாம்பலில் பாதி புதைந்திருக்கும். தீப்பெட்டி அவள் இடுப்பில் இருக்கும். உடம்புச் சூட்டிலாவது காய்ந்து கிடக்கட்டும் என்று. வாரப் பத்திரிகை வந்தால் முதலில் தோசைக்கல்லில் போட்டு இரண்டு பக்கமும் சூடு காட்டுவாள். அது அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆன பிறகுதான் படிக்கவே உட்காருவாள். ஒருத்தியைப் பிடிக்கவில்லை என்றால் அவள் குணத்தைப் பற்றியோ நடத்தையைப் பற்றியோ பேசமாட்டாள். “அவளா? துணியைப் பிழியாமக் காயப்போடுதவ” என்பாள். அதோடு அந்தப் பெண்ணின் கதை முடிந்தது.

சீசனில் என்றைக்காவது அத்தி பூத்தாற்போல் வெயில் எட்டிப் பார்க்கும். அப்போது பார்க்க வேண்டுமே அவளை. “வெயிலு! வெயிலு!” என்று திருடனைக் கண்டவள்போலக் கத்திக்கொண்டு ஓடிவருவாள். வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் மெத்தை, தலையணை, மிளகாய், புளி என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓட வேண்டும். சீசனுக்கு வந்தவர்களுக்கும் விலக்குக் கிடையாது. மதுரையிலிருந்து வந்த ஒரு வக்கீல், தலையில் எண்ணெயோடு அருவிக்குக் கிளம்பி நின்றவர், இரண்டு கக்கத்திலும் தலையணையை இடுக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவர் தலையணையைக் கீழே வைப்பதற்குள் வெயில் போய்விட்டது.

“ஏம்மா, நாங்க இந்தச் சாரலுக்காகத்தானே இம்புட்டுத் தூரம் வாறோம்?” என்றார் அவர் பாவமாக.

“நாலு நாளு இருந்துட்டுப் போறவங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கும். ஒரு மாசம் இருந்து பாருங்க, காதுக்குள்ள காளான் முளைக்கும்.”

வருகிறவர்களை இப்படித்தான் வரவேற்பாள். ஆனாலும் அவர்கள் வருசா வருசம் அந்த வீட்டுக்கேதான் வந்தார்கள். குற்றாலத்தில் காய்ந்த துண்டு கிடைக்கிற ஒரே வீடு அதுதான்.

ஒரு தை மாதம், மலை நிலத்தில் கிராம்பு பார்க்கப் போனவள் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மழையில்லாத மாதத்தில்தான் அவள் மலையேறுவாள். கூட அவளுடைய மேஸ்திரி வந்தார். மலை வேலைக்கு ஆள் பிடித்து விடுகிறவர். மதினி என்ன சொன்னாலும் “அதாம்மா சரி” என்று சொல்லுகிறவர். ஏறி முடித்ததும் அவள் நிலத்துக்குள்ளேயே இரண்டு புல்மேடுகளுக்கு நடுவே ஒரு பள்ளம் வந்தது. பார்க்கப் பச்சைப் புல்வெளி. கால் வைத்தால் தரை மெத்தைபோல அமுங்கியது. நான் ஓரத்தில் நின்று குதித்துப் பார்த்தேன். கொஞ்சத் தூரம் தள்ளி நின்ற நாணல் ஆடியது. பள்ளத்தின் கீழ்ப்பக்கம் பாறை தாழ்ந்து ஒரு விளிம்பு இருந்தது. அந்த விளிம்பில் தண்ணீர் சத்தமே இல்லாமல் கசிந்து, கீழே இறங்க இறங்க ஓடையானது. மதினியின் பாக்குத் தோப்புக்கும், தோப்பை ஒட்டி இருந்த கீழவரிசை வீடுகளின் கிணறுகளுக்கும் அந்த ஓடைதான். சாரல் விட்டு மாதங்கள் ஆகியும் அது ஓடிக்கொண்டிருந்தது எனக்கு அதிசயமாக இருந்தது. கோடையில்கூட நிற்காது, கையளவாவது வரும் என்று மேஸ்திரி சொன்னார். அந்தப் பள்ளத்துக்கு ஊறல் என்று பெயர்.

மதினி குறுக்கே நடந்து போகலாம் என்று நினைத்துக் காலை வைத்தாள். முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் பிடித்து இழுத்து வெளியே எடுத்தோம். கால் வந்தது, செருப்பு வரவில்லை. கறுப்புச் சேறு அப்பிய காலோடு அவள் நின்ற நிலையைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சிரிக்காதட்டி” என்றாள். “கீழதான் இந்தச் சனியன் நம்மளை நிம்மதியா இருக்க விடல. இங்கன, மலைக்கு மேலயும் வந்து ஈரத்துல உக்காந்திருக்கு பாரு.”

அப்படியே அந்தப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் துவைத்துப் பிழியாமல் வாளியில் போட்டுவைத்த துணியை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

“இதை வெட்டி விட்டா என்ன?” என்றாள்.

“அதாம்மா சரி” என்றார் மேஸ்திரி. “நடுவுல ஒரு வாய்க்கா போட்டு, அந்தப் பாறை ஓரத்தை ஒடச்சுவிட்டா எல்லாம் வடிஞ்சிரும். மண்ணு கறுப்பு. ஏலச்செடி வச்சா அள்ளிக்கிட்டு வரும்.”

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கணவர் நல்ல யோசனை என்றார். நானும்தான் சொன்னேன். கீழவரிசைக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள், அவர்களில் பலர் வாய்க்கால் வெட்டக் கூலிக்குப் போனார்கள். சும்மா கிடக்கிற சகதியை நிலமாக்குகிறாள், கெட்டிக்காரி என்றுதான் ஊரே பேசியது. வாய்க்கால் வெட்டி விளிம்பை உடைத்ததும் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. அந்தக் கோடை முழுக்கத் தோப்பு ஓடையில் என்றும் இல்லாத தண்ணீர். கிணறுகள் கைக்கு எட்டும்படி நிறைந்து கிடந்தன. கீழவரிசையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிற பால்காரி, “மேல மறிச்சு வச்சிருந்த தண்ணியை எல்லாம் எங்களுக்குத் தெறந்து விட்டுட்டியம்மா” என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போனாள். மதினிக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வருசம் ஊறல் காய்ந்துவிட்டது. மதினி எங்கள் எல்லாரையும் மலைக்கு அழைத்துப் போனாள். செருப்பு புதைந்த இடத்திலேயே பாயை விரித்தாள். எலுமிச்சம்பழச் சோறும் கூழ்வற்றலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து பாயைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். ஈரம் இல்லை. “பாத்தியா?” என்று என்னிடம் பாயை நீட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஏலக்கன்று வைத்தார்கள். பிடித்தும் வந்தது.

பிறகுதான் சாரல் பிசகியது. எண்பதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில் அது நடந்தது. ஆனி பிறந்தது; வானம் வெளுத்துக் கிடந்தது. ஆடியும் போனது. பெரிய அருவியில் பாறைதான் தெரிந்தது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் குப்பிகளை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். பழக்கடைகளில் ஈ ஆடியது. எங்கள் வீட்டு முன்பகுதி பூட்டியே கிடந்தது. நாள் முழுக்க வெயில் அடித்தது. மதினி ஆசைப்பட்டதெல்லாம் அதைத்தானே! முதல் வாரம் இருக்கிற துணியையெல்லாம் முற்றத்தில் காயப்போட்டாள். இரண்டாவது வாரம் காயப்போட ஒன்றும் இல்லை. கூடையின் அடியில் கங்கு இல்லாமல் அந்த இருட்டு அறை எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

மழை தப்புவது குற்றாலத்துக்குப் புதிது இல்லை. முன்பும் தப்பியிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் அருவி நின்றாலும் அந்த ஓடை நிற்காது என்றார்கள். இந்த முறை அருவி நிற்பதற்கு முன்னாலேயே ஓடை நின்றுவிட்டது. கீழவரிசைக் கிணறுகளில் வாளி தரையில் முட்டியது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெகுதூரம் போய்வந்தார்கள். தோப்பில் பாக்கு மரங்கள் ஒவ்வொன்றாகத் தலை சாய்த்தன.

கீழவரிசைப் பெண்கள் மழைக்கஞ்சி எடுக்க முடிவு செய்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். மழை பொய்த்தால் பெண்கள் வீடு வீடாகப் போய் அரிசி கேட்டு வாங்கி, பொது இடத்தில் கஞ்சி காய்ச்சி, பிச்சையெடுத்துக் குடிக்கிறோம் பார் என்று வானத்துக்குக் காட்டிக் குடிப்பார்கள். கூடையோடு எங்கள் வாசலுக்கும் வந்தார்கள். முன்னால் நின்றது பால்காரி. மதினி முறம் நிறைய அரிசி கொண்டுவந்தாள்.

பால்காரி கூடையை நீட்டிக்கொண்டே, “வருசமெல்லாம் போ போன்னு ஏசுனியம்மா. கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு பாருங்க” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். மதினியின் முகம் விழுந்துவிட்டது. அரிசியைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அவள் என்னை அழைத்தாள். “ஏட்டி, மலைக்கு வாறியா?”

“இந்த வெயில்லயா மதினி?”

“மழை வராததுக்கு நான் ஏசுனது காரணமா இருக்காது. மழைக்குக் காது கெடையாது. ஆனா ஓடை நின்னதுக்கு என்ன காரணம்னு நான் பாக்கணும். மழை முன்னயும் நின்னிருக்கு, ஓடை நின்னதில்லை.”

மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு ஏறினோம். ஊறல் இருந்த இடம் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரைக்கும் போனது. நாணல் இல்லை. ஏலச்செடிகள் சருகாகி நின்றன. கறுப்பு மண் காலடியில் நொறுங்கிப் பொடியாகப் பறந்தது. மதினி பெரிய கட்டியாக ஒன்றைப் பெயர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளியில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள். தண்ணீருக்கு அலைகிற காலத்தில் ஒரு வாளித் தண்ணீர். அந்த மண்கட்டியை அதில் போட்டாள். அது மிதந்தது. கையால் அமுக்கினாள், விட்டதும் மேலே வந்தது. கரையவும் இல்லை, குமிழி விடவும் இல்லை. ஒரு கல்லை மேலே வைத்து முக்கி வைத்துவிட்டு, அன்று முழுக்க வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் காலையில் எடுத்து இரண்டாகப் பிட்டாள். வெளியே ஒரு விரல்கனத்துக்குத்தான் ஈரம். உள்ளே பொடி. ஊதினால் பறக்கிற பொடி.

அவளுக்கு யாரும் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பொருளை உலர்த்தி உலர்த்திப் பார்த்தவள். எது காய்ந்தால் மறுபடி நனையும், எது நனையாது என்பது அவள் விரலுக்குத் தெரியும்.

“இது பஞ்சு மாதிரி குடிச்சு வச்சிருந்திருக்குட்டி” என்றாள். “சாரல் வந்தா குடிச்சுக்கிட்டு, வராதப்போ கொஞ்சங் கொஞ்சமா விட்டுக்கிட்டு. அதான் ஓடை. நான் பாயைப் போட்டுச் சோறு தின்னேன்லா, அப்பவே அது செத்துப்போச்சு. நல்லாக் காயவச்சிட்டேன். எதையும் இப்படி நல்லாக் காயவச்சதில்லை நான்.”

அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான். எங்கள் ஊர் வயலுக்கும் இப்படி எத்தனை ஊறல்களிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்திருக்கும் என்று எனக்குள் ஓடியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மழைக்கஞ்சி அன்றைக்குத்தான். காளி கோயிலுக்கு முன்னால் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மதினி நேராக அங்கே போனாள். நான் பின்னால் ஓடினேன். கஞ்சிக்கு எல்லாரும் கை நீட்டி நிற்கிற நேரம்.

“ஒரு சங்கதி சொல்லணும்” என்றாள். “மழை மேல மட்டும் பழி போடாதிய. மழை நின்னாலும் ஓடை வந்திருக்கணும். அது நின்னுபோனதுக்கு நான்தான் காரணம். மேல ஊறலை வெட்டி வடியவிட்டேன்லா, அதோட போச்சு.”

அந்த வாய்க்காலை வெட்டக் கூலிக்குப் போனவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பால்காரிதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

“இதை இப்பம் வந்து சொல்லி என்னத்துக்கு? எங்க புள்ளையளுக்குக் குடிக்கவா?”

கஞ்சி ஒரு வாய் அவளுக்கும் கொடுத்திருக்க வேண்டும். கேட்டு வந்த எவருக்கும் இல்லை என்று சொல்லுவது அந்தச் சடங்கில் கிடையாது. ஆனால் அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. திரும்பி நடந்தோம். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பால் வரவில்லை.

அந்த வருசம் மழை கடைசியில் வந்தது. வந்த விதம்தான் யாருக்கும் பிடிபடவில்லை. மாதக்கணக்கில் தூவிக்கொண்டிருக்க வேண்டியது, ஒரு சில நாளில் மொத்தமாகக் கொட்டியது. ஊறலில் நிற்காமல் வாய்க்கால் வழியே செம்மண்ணும் கல்லுமாக இறங்கி, தோப்பின் வரப்பை உடைத்துக்கொண்டு ஓடியது. அடுத்த வாரமே ஓடையில் மணல் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த வருசங்களில் சில நல்ல சாரல்களும் வந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எப்போது வரும், எப்படி வரும் என்று நம்பிச் சொல்ல முடியாமல் போனது அப்போதிருந்துதான். பருவநிலை மாற்றம் என்று இப்போது பேப்பரில் போடுகிறார்கள். அன்றைக்கு எங்களிடம் அந்த வார்த்தை இல்லை. அது இதுதானா என்று சொல்ல நான் படித்தவளும் இல்லை. மழை மாறிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மழையைப் பிடித்து வைக்கிற பாத்திரத்தை நாங்கள் உடைத்தோம் என்பது மட்டும் தெரியும்.

மதினி வாய்க்காலை அடைக்கக் கிளம்பினாள். இடையிடையே கல்லும் கிளையும் அடுக்கி, புல்லை வேர்மண்ணோடு கரணை கரணையாக வெட்டிவந்து மேலே பதித்து, தண்ணீரை ஓடவிடாமல் நிறுத்த வேண்டும். பிழைத்திருந்த ஏலச்செடிகளையும் பிடுங்கச் சொன்னாள். “அம்மா, அது காய்க்கிற செடி” என்றார் மேஸ்திரி. ‘அதாம்மா சரி’ என்று அவர் சொல்லாதது அந்த ஒரு தடவைதான். மதினி தானே இறங்கிப் பிடுங்கினாள். கொஞ்ச நாளில் மேஸ்திரி வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவள் மழைக் காலத்திலும் மலையேறினாள். மழை பெய்யும்போதுதான் எங்கே தண்ணீர் தப்பி ஓடுகிறது என்று தெரியுமாம். தலைக்குச் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு போவாள். தொப்பலாக நனைந்து, காலில் அட்டைக்கடி ரத்தத்தோடு திரும்புவாள். ஈரச் சேலையோடு அடுக்களையில் உட்கார்ந்து காப்பி குடிப்பாள். “மதினி, மாத்துங்க, சளி பிடிக்கும்” என்று நான் துண்டோடு நிற்பேன். “கொஞ்சம் இருட்டி, வாறேன்” என்பாள். நான்தான் அந்த வீட்டில் துணி காயப்போடுகிறவளாகிப்போனேன். வானத்தைப் பார்த்து அவள் ஏசுவதும் நின்றுபோனது. எனக்கு அந்த ஏச்சைக் கேட்காமல் சீசன் சீசனாகவே இல்லை.

கீழவரிசையிலிருந்து முதலில் கூலிக்காக இரண்டு பேர் வந்தார்கள். பிறகு வேறு சிலர். மனம் இரங்கி வந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். வேறு வேலை இல்லாத வருசங்கள் அவை. பால்காரி வரவில்லை. பேசவும் இல்லை. வழியில் பார்த்தால் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போய்விடுவாள்.

நாலைந்து வருசம் கழித்து ஒரு பங்குனியில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையில் பால் செம்பு இல்லை, குடம் இருந்தது. நடையில் இறக்கி வைத்தாள். பாதிக் குடம் தண்ணீர்.

“எங்க கெணத்துத் தண்ணி” என்றாள். “பங்குனியில இம்புட்டு ஊறுது. விடியக்காலம் ஒருக்க எறைக்கலாம்.”

மதினி எழுந்து வந்து குடத்தைப் பார்த்தாள். பால்காரி வேறு ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றோ பழசை மறந்துவிட்டேன் என்றோ எதுவும் இல்லை. “குடத்தை அப்புறமா வந்து எடுத்துக்கிடுதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மதினி அந்தத் தண்ணீரை எங்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து பால் வந்தது.

எண்பதுகள் முடியும் சமயம் என் கணவருக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்தது. இப்போது மதினி இல்லை. அந்த வீடும் கைமாறி, லாட்ஜாகிவிட்டது. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவளோடு கடைசியாக மலையேறியதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். முந்தின மழை அவள் கட்டிய அடைப்பில் பெரியதை அடித்துக்கொண்டு போயிருந்தது. மற்றவை நின்றன. சில அடைப்புகளுக்குப் பின்னால் கொஞ்சம் பச்சை பிடித்திருந்தது. கால் வைத்தால் நீர் கசிந்தது. சில இடங்களில் அதே கறுப்புப் பொடி. பாதிக்கு மேல் பொடிதான்.

மதினி வாய்க்காலுக்குள் இறங்கி நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது, தலை நரைத்துவிட்டது.

“பழையபடி ஆயிருமாட்டி?” என்று கேட்டாள்.

“ஆயிரும் மதினி” என்றேன்.

“பொய் சொல்லாத. ஆகாது. மண்ணும் பழைய மண்ணு இல்ல, சாரலும் பழைய சாரல் இல்ல. எனக்குத் தெரியாதா?”

மேலே மேகம் எதுவும் இல்லை. மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். “பின்ன எதுக்கு மதினி இந்த வயசுல இம்புட்டுப் பாடு?”

“பாதிக் குடம் வருதுல்லா” என்றாள். “பேசிக்கிட்டே நிக்காம அந்தக் கல்லை இங்கன தள்ளு.”